களப்புக்கு ஆள் கூட்டியவள்

எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்கள் முதுகுப் பைகளோடு இறங்கிப் போனதும் ரயில் பெட்டி காலியாகிவிட்டது. வழியெல்லாம் கதவில் தொங்கிப் படம் பிடித்தவர்களுக்கு இடம் விட்டு மூலையில் ஒடுங்கியிருந்த புவனேந்திரன் இப்போதுதான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தான். வலது கை மடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு துவாய். கொழும்புக் கோட்டையில் ஏறும்போது சஜீவனி போட்டுவிட்டது. அவன் அதை இன்னும் விலக்கவில்லை.

"வலிக்குதாண்ணே?"

"இல்லாத வெரலுதான் வலிக்குது. இருக்கிறது ரெண்டும் சும்மாதான் இருக்கு."

அவன் சிரித்தான். சஜீவனியால் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஸ்டேஷன் தெமோதரை. அங்கிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு த்ரீவீலில் போய்விடலாம். போனதும் அவள் செய்ய வேண்டியது என்ன என்பதைக் கற்பிட்டிக் கடற்கரையில் அவர்கள் வேலை செய்யும் கைட் கேம்ப்பின் முதலாளி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டாரைச் சமாதானப்படுத்த வேண்டும். யூனியன், பொலிஸ் என்று யாரும் கிளம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது புவனேந்திரனின் இடத்துக்கு ஆள் கொண்டு வர வேண்டும். இரண்டு மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது. இதெல்லாம் ஒழுங்காக முடிந்தால், காற்றுக் காலம் முடிவதற்குள் வெளிநாட்டிலிருந்து பரீட்சை வைக்க வருகிறவரிடம் அவளுடைய பெயரைக் கொடுப்பார். அந்தப் பரீட்சையில் தேறினால் அவள் இன்ஸ்ட்ரக்டர். பெரிய பட்டம் இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கும் கைட் சேர்பிங்கைப் பழக்கிக் கொடுக்க உலகத்தில் எந்தக் கடற்கரையிலும் செல்லுபடியாகும் அட்டை ஒன்று கையில் இருக்கும்.

அந்த அட்டைக்காகத்தான் அவள் நாலு காற்றுக் காலங்களை அங்கே கழித்திருந்தாள்.

எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துப்புரவாக்கிக்கொண்டிருந்தவளை, அங்கே வந்து தங்கிய முதலாளிதான் கற்பிட்டிக்கு அழைத்துப் போனார். அங்கேயும் முதலில் அறை துப்புரவுதான். ஆனால் அறைக் கதவைத் திறந்தால் எதிரில் களப்பு கிடந்தது. ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று, அதற்கு அப்பால் கடல் நாள் முழுவதும் இரைந்துகொண்டிருக்கும். இப்பால் இருக்கும் தண்ணீரில் சுருக்கம் கூட இராது. திட்டைத் தாண்டிக் காற்று மட்டும் வரும், அலை வராது. வற்றுப் பெருக்கு மட்டும் வாய்க்கால் வழியாக உள்ளே வந்து போகும். பெருக்கில் நெஞ்சளவு நின்ற தண்ணீர் வற்றில் முழங்காலுக்கு இறங்கும், மணல்மேடுகள் அங்கங்கே முதுகைக் காட்டும். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் தண்ணீர் குறைவதையும் கூடுவதையும் மலையில் பிறந்தவள் அதுவரை கண்டதில்லை. தொடக்கத்தில் அவளுக்கு அது ஏதோ ஏமாற்று வேலையாகவே பட்டது.

விருந்தாளிகள் கரையேறிய பிறகு, ஒட்டுப் போட்ட பழைய கைட் ஒன்றை அவளிடம் கொடுத்துப் பழக்கியவன் அங்கே வேலை செய்த ஒரு போலந்துக்காரன். முதல் தடவை கைட் அவளைத் தூக்கியபோது சஜீவனி வாய்விட்டுக் கத்தினாள். அவளுடைய உடம்பு பிறந்ததிலிருந்து அறிந்ததெல்லாம் கீழே இழுக்கிற பாரம்தான். கொழுந்துச் சாக்கு, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம். மேலே இழுக்கிற பாரம் ஒன்று உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு அவளை யாராலும் கரையில் நிறுத்த முடியவில்லை. மறு வருஷமே அறை துப்புரவு போய், பழகுகிறவர்களின் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிற உதவியாள் ஆனாள். அவள் தண்ணீர்மேல் பறக்கும் வீடியோ லயத்தில் எல்லோருடைய போனிலும் இருந்தது.

இந்த வருஷம் காற்று தொடங்குவதற்கு முன் முதலாளி அவளைக் கூப்பிட்டார். கரை வேலைக்கு வைத்திருந்த மீனவப் பையன்கள் இறால் பட்டால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் வள்ளம் ஏறிப் போய்விடுகிறார்கள் என்றார். "உங்க பக்கத்து ஆட்கள் நல்லவங்க சஜீ. சொன்னதக் கேப்பாங்க. போட்டும் இல்ல, வலையும் இல்ல."

போட்டும் வலையும் இல்லாதவர்கள் கோபம் வந்தாலும் எங்கேயும் போக முடியாது என்பதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம். சஜீவனிக்கு அது விளங்கியது. விளங்கியும் அவள் தெமோதரைக்கு வந்தாள். வீடு வீடாக ஏறி இறங்கி ஆறு பேரைச் சேர்த்தாள். கைட் விடப் பழக்குவார்கள் என்றாள். தன்னைப் பழக்கினார்கள் என்பதால் அதைப் பொய் என்று அவள் நினைக்கவில்லை. சுபாஜினி தன் புருஷன் புவனேந்திரனை முழங்கையில் பிடித்து இழுத்து வந்து, சொந்தத் தங்கையிடம் ஒப்படைப்பது போல் அவளிடம் ஒப்படைத்தாள். "கடலும் தெரியாது, கப்பலும் தெரியாது இந்த ஆளுக்கு. உன்ன நம்பித்தான் அனுப்புறேன் சஜீ."

அங்கே யாரும் பழக்கவில்லை. கைட்டுக்குக் காற்றடிப்பது, சுமப்பது, உப்புப் போகக் கழுவுவது, விருந்தாளி கிளம்பும்போது கைட்டைத் தூக்கிக் கொடுப்பது, திரும்பி வரும்போது ஓடிப் பிடிப்பது. வேலை அவ்வளவுதான். கேட்டபோது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார். சஜீவனியும் அவர்களிடம் அதையே சொன்னாள்.

தெமோதரை ஸ்டேஷனுக்கு வெளியே நல்லையாவின் த்ரீவீல் நின்றது. நல்லையா அதே லயத்து ஆள். தோட்ட வேலையை விட்டு த்ரீவீல் எடுத்த பிறகு சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு போன் வைத்திருப்பவர். இவர்களைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"வாங்க வாங்க கங்காணியம்மா! ஆறு உருப்படி கொண்டு போனீங்க, ஒண்ணத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா? பழுதாப் போச்சோ?"

"மாமா, சும்மா இருங்க."

"சும்மாதாம்மா கேக்குறேன். டேய் புவனா, துவாய எடு, பாப்போம்." பார்த்தார். துவாயைத் தானே இழுத்து மூடினார். பிறகு, "ஏறுங்க, ஏறுங்க. மழை வருது" என்று வண்டியைக் கிளப்பினார். வழி முழுவதும் அவர் கேட்டது புவனேந்திரனின் கையைப் பற்றி அல்ல. சாப்பாடு எப்படி, படுக்க இடம் எப்படி, மற்ற அஞ்சு பேரும் நிற்கிறார்களா, முதலாளி பேசுவது தமிழா சிங்களமா என்றுதான். புவனேந்திரனும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான்.

சுபாஜினி அழவில்லை. கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. துவாயை எடுத்து, கட்டைப் பிரிக்காமல், எது இருக்கிறது எது இல்லை என்று வெளியிலிருந்தே தடவிப் பார்த்தாள். கட்டை விரலும் சுண்டு விரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை.

"எப்படி?" என்றாள்.

அதற்குள் இஸ்தோப்புத் திண்ணை நிறைந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து வந்தவர்கள் படியிலும் சாக்கடைக் காணு ஓரத்திலும் நின்றார்கள். புவனேந்திரன் ஒரு மாடு முட்டிய கதையைச் சொல்வது போல ஆரம்பித்தான்.

"அன்னிக்கு நல்ல வத்து. தண்ணி வடிஞ்சு மணலு தெரியுது. ஒரு வெள்ளைக்காரரு, புதுசாப் பழகுறவரு, அந்த மணலு மேல நிக்கிறாரு. பட்டம் அவரு இடுப்புல கொளுவியிருக்கு. சும்மா இல்ல, நம்ம காம்பராக் கூரை அளவு இருக்கும். திடீர்னு ஒரு காத்து. ஆளு போறாரு! மணலு மேல தரதரன்னு இழுத்துட்டுப் போவுது. அந்தப் பக்கம் போட்டுக எல்லாம் கட்டிக் கெடக்கு."

"வெட்டிவிட வேண்டியதுதானே பட்டத்த?" என்றது ஒரு குரல்.

"செவப்பா ஒரு புடி இருக்கு, அதத் தள்ளினாப் போதும், பட்டம் செத்துரும். அந்த ஆளு பயத்துல மறந்துட்டாரு. கத்துறாரு. நான் ஓடினேன். கயிறு எம் பக்கத்துல வந்துச்சு. புடிச்சேன்."

"கயிறு மொத்தமா?"

"எங்க! பேனாக்குள்ள போடுற குச்சி அளவுகூட இல்ல."

"அப்ப வழுக்குமே."

"வழுக்கும்னுதான் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டேன்."

இஸ்தோப்பில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஏன் சுற்றினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சஜீவனி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மலையில் கயிற்றைப் பிடிப்பது என்றால் கையில் சுற்றிப் பிடிப்பதுதான். மேல் மலையிலிருந்து புல்லுக் கட்டைச் சரிவில் இறக்கும்போது கயிற்றைச் சும்மா பிடித்தவனின் கட்டு கீழே நிற்கிறவளை அடித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போகும். அதனால் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக்கூட இங்கே கை அப்படித்தான் போகும். களப்பில் முதல் நாள் அவளுடைய கையும் அப்படித்தான் போனது. போலந்துக்காரன் அவள் மணிக்கட்டில் அடித்துக் கயிற்றைப் பறித்தான். ஆறு பேரிடமும் அவர்கள் வந்த அன்றே அவள் சொன்னாள், இழுவையில் இருக்கிற கயிற்றைத் தொடவே கூடாது என்று. "சரி சஜீ" என்றார்கள். காதுகள் கேட்டுக்கொண்டன. கையைப் பிடித்து அடித்துச் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பிற்பகல்களில் அவள் தண்ணீரில் இருந்தாள்.

"அப்புறம்?" என்றாள் சுபாஜினி.

"அப்புறம் என்ன. வெள்ளைக்காரருக்கு ஒண்ணுமில்ல. முட்டியில செராய்ப்பு. அடுத்த நாளே மறுபடி எறங்கிட்டாரு." புவனேந்திரன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

அவன் சொல்லாமல் விட்டதைச் சஜீவனி அறிவாள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது முதலாளி முதலில் செய்தது வேன் சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்ததுதான். பிறகு, "கைட்டுன்னு சொல்லாதே. போட் கயிறுன்னு சொல்லு" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி அவளிடம் சொன்னார். அவள் அதைச் சொல்லிக் கொடுத்தாள். புவனேந்திரன் டாக்டரிடம் அப்படியே சொன்னான். சொன்னதைக் கேட்கிறவன்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சஜீவனி கோயிலிலிருந்து திரும்பியபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். நல்லையா, அவர் தம்பி கந்தப்பன், கந்தப்பனின் மகன், பின்னால் சுபாஜினி. சஜீவனியின் அப்பா மரியநாயகம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு எதிலும் படாதவர் போல இருந்தார்.

"நேரா விசயத்துக்கு வாறேம்மா" என்றார் நல்லையா. "புவனா எடம் காலியாத்தானே கெடக்கு?"

சஜீவனி வரும்போதே, பாதி வழியில் ரயில் கோச்சியிலேயே முடிவு செய்திருந்தாள். எங்கே என்று கேட்டால் நானுஓயாவைத் தாண்டி, குளிரில் புவனேந்திரன் தூக்கத்தில் அந்தக் கையால் எதையோ பிடிக்கப் போய் விழித்துக்கொண்ட இடத்தில் என்று சொல்லலாம். ஒருவரையும் கூட்டிப் போவதில்லை. அட்டை போனால் போகட்டும். அப்படி நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது.

"யாரும் போக வேணாம் மாமா. பட்டம் பழக்குறதெல்லாம் பொய். என்னையப் பழக்கினது அவங்க இல்ல, அங்க இருந்த ஒருத்தன். இவங்கள அஞ்சு மாசமும் பம்பு அடிக்கவும் தூக்கவும்தான் வச்சிருக்காங்க. வீடு தூரம், விட்டுட்டு ஓட மாட்டாங்கன்னுதான் நம்ம ஆளுகளக் கேட்டாங்க. அடிபட்டா வாயப் பொத்துவாங்க. நானும் பொத்தினேன்."

கந்தப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இங்க மட்டும் எங்களுக்கு என்ன பழக்குறாங்க?"

"அதில்ல மாமா..."

"தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியில வெரலு போன ஆளுக எத்தன பேரு இந்த டிவிசன்ல. யாராச்சும் கேட்டு வந்தாங்களா? அங்கயாவது மூணு வேளை மீன் குடுக்குறானாம்."

"அதச் சொல்லுப்பா" என்றார் நல்லையா. "நீ மட்டும் தண்ணி மேல பறக்கணும், நாங்க இங்க அட்டைக்கடி வாங்கிக்கிட்டு ஒன் வீடியோவப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். நல்ல நியாயம்டியம்மா."

"நானும் போகல மாமா. நானும் இனிப் போறதா இல்ல."

"ஏன், ஒன்ன வெரட்டிட்டாங்களா?"

அவள் விளக்க விளக்க அது மோசமாகிக்கொண்டே போனது. உண்மையைச் சொல்கிறவளுக்குள் ஏதோ இலாபம் ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. போன தடவை இதே வாசல்களில் நின்று அவள் சொன்ன பொய்களை அவர்கள் உடனே நம்பினார்கள்.

கடைசியாகச் சுபாஜினி முன்னால் வந்தாள். "ஆம்பளைங்க பேச்ச விடு. நான் போறேன். கூட்டிட்டுப் போ."

"அண்ணி!"

"இவரு கை இனிக் கத்தி புடிக்காது. கவ்வாத்துக்கும் ஆகாது, மருந்தடிக்கவும் ஆகாது. எம் பேரு ஒண்ணுதான் வேலைப் பெரட்டுல. அதுல நாலு வயிறு. அங்க ரூம் துடைக்க, துணி தோய்க்கப் பொம்பளைங்க வேணுந்தானே? நீ அப்படித்தானே போன?"

"பிள்ளைங்கள விட்டுட்டா?"

"நீ அவரக் கூட்டிட்டுப் போறப்ப பிள்ளைங்களப் பத்திக் கேட்டியா?"

சஜீவனி முடியாது என்றாள். உங்கள் ஒருவருடைய பெயரையும் என் வாயால் அங்கே சொல்ல மாட்டேன் என்றாள். அன்று பின்னேரமே முதலாளிக்குப் போன் செய்து, ஆள் கிடைக்காது, புவனேந்திரனுக்குச் செய்ய வேண்டியதைக் கேம்ப் செய்யத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யூனியனுக்கு நானே போவேன் என்றாள். மறுமுனையில் களப்புக் காற்று மைக்கில் அடித்து இரைந்தது. அதன் நடுவே முதலாளி கோபமே இல்லாமல் பேசினார். "நீ களைச்சுப் போயிருக்க சஜீ. வீட்டுல கொஞ்ச நாள் இரு. நான் கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை. அவர் கூப்பிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. புவனேந்திரனின் போனிலிருந்து முதலாளியின் நம்பரை எடுக்க நல்லையாவுக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் போதுமாயிருந்தது. அதை அவளுக்குச் சொன்னவர்கூட நல்லையாதான். வியாழக்கிழமை காலை, லயத்துக்கு முன்னால் த்ரீவீலை நிறுத்திக்கொண்டு, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"முதலாளி சேரு நல்ல மனுசன்மா. சுத்தமாத் தமிழ் பேசுறாரு. இந்தத் தடவ மூணு, அடுத்த மாசம் இன்னும் நாலு. யூனியன்காரங்ககிட்டயும் நான் பேசிட்டேன். புவனா போட் கயித்துல மாட்டினதுதானே, அவன் வாயாலயே டாக்டருக்குச் சொல்லியிருக்கான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

பின் சீட்டில் கந்தப்பனின் மகனும் இராமையா வீட்டுப் பொடியன் ஒருவனும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சுபாஜினி. கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். மடியில் ஒரு பை. புவனேந்திரன் சின்னவளை இடக்கையால் தூக்கிக்கொண்டு படியில் நின்றான், வழியனுப்புகிற முகத்தோடு.

சஜீவனி த்ரீவீலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எறங்குங்க. அங்க உங்களுக்கு யாரையும் தெரியாது."

"தெரிஞ்ச ஆளோட போன மனுசன் எப்படி வந்தாரு பாத்தேல்ல?" சுபாஜினி அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து விலக்கினாள். முரட்டுத்தனமாக இல்லை, பிள்ளையின் கையிலிருந்து எதையோ வாங்குவது போல. "அவர ஒன்ன நம்பி அனுப்பினேன். நான் யாரையும் நம்பாமப் போறேன். அதுதான் வித்தியாசம். விடு."

த்ரீவீல் வளைவில் இறங்கி, தேயிலைக்குள் மறைந்து, கீழ் ரோட்டில் மறுபடி தெரிந்து, போய்விட்டது. லயத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அன்று காலை யாராவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மரியநாயகம் வாங்கிலிருந்து எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். பாக்டரியில் ஆயுள் முழுவதும் கொழுந்து வாட்டியவர், அதிகம் பேசாதவர். இந்த நாலு நாளும் இந்த விசயத்தில் ஒரு வார்த்தை சொல்லாதவர்.

"நீ செஞ்சது சரிதான்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சரிதான். நான் இல்லேங்கல. ஆனா நீ போகலன்னா அதுங்க போகாமயா இருக்கப் போகுது? நீ அங்க இருந்தா, அடிபட்டா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒரு ஆளு. மூணு வெரலு போனப்பவாச்சும் அவன் கையில ஒரு துவாயப் போட்டு வீடு வரைக்கும் கொண்டாந்து சேத்த. நல்லையா ஸ்டேஷனோட திரும்பிருவான். சுபாவுக்கு ஒண்ணுன்னா அங்க யாரு? நீ ஒன் கைய மட்டும் கழுவிக்கிட்ட."

"என்ன செய்யச் சொல்றீங்கப்பா?"

"கொழும்புக் கோச்சி இன்னும் வரல. குறுக்குப் பாதையில ஓடினாப் புடிச்சிரலாம்."

குறுக்குப் பாதை அவள் காலடியிலிருந்தே தொடங்கி, தேயிலைக்குள் படிப்படியாக ஸ்டேஷனுக்கு இறங்கியது. பள்ளிக்கூட நாளில் கண்ணை மூடிக்கொண்டு ஓடிய பாதை. ஓடினால் போதும், சுபாஜினிக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். முதலாளி சிரித்துக்கொண்டே வரவேற்பார், அவருக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. காற்று இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் நிற்கும். பரீட்சைக்காரர் இன்னும் வரவில்லை. இந்நேரம் அங்கே பெருக்கு ஏறிக்கொண்டிருக்கும், மணல்மேடுகள் ஒவ்வொன்றாக மூழ்கி, பிற்பகல் காற்று எழும்போது களப்பு நெஞ்சளவு நின்று பளபளக்கும். இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு ஒரு தடவை...

அவள் ஒரு படி இறங்கினாள். அங்கேயே நின்றாள். ஓடத் துடிக்கிற இந்தக் கால்கள் சுபாஜினிக்காக ஓடப் போகின்றனவா, அந்தத் தண்ணீருக்காக ஓடப் போகின்றனவா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு ஓடலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், கீழே கோச்சி வந்து, நின்று, போய்விட்டது.